அடியில் நெருப்பா? காற்றைக் கேளுங்கள்!

எங்க அப்பாரு பவானியில் ஜமக்காளத் தறி நெய்தவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான்தான். போன கோடையில் பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணீர் வெதுவெதுன்னு, குமிழி விட்டுக்கொண்டு வந்தது. "அடியில எரிமலை இருக்குதா கண்ணு?" என்றார். "இல்லீங்க அப்பாரு" என்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார். மாட்டிக்கொண்டேன்!

1998-இல் திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் மின்கம்பத்தருகே மண் உருகிக் கிடந்தபோதும் எரிமலைப் பேச்சு எழுந்தது. மின்கசிவில் மண் உருகியிருக்கும் என்ற விளக்கமும் வந்தது. எலக்ட்ரிகல் நண்பர்களே, எர்த் டெஸ்டரோடு முதலில் ஓடியிருக்க வேண்டியது நாமல்லவா?

சரி, எரிமலையே இல்லாத ஊரில் மாக்மா ஒளிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஹீலியம் வாயு காட்டிக்கொடுக்கும். அது எதனோடும் சேராது. பிறந்த இடத்து அடையாளத்தோடு மேலே வரும். ஹீலியம்-3 பூமி உருவானபோதே ஆழத்தில் சிக்கியது. ஹீலியம்-4 பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவதால் உண்டாவது. காற்றில் பத்து லட்சம் ஹீலியம்-4 அணுவுக்கு ஹீலியம்-3 சுமார் 1.4தான். கடலடி மலைத்தொடரின் எரிமலைப் பாறையில் இந்த விகிதம் காற்றைப்போல் சுமார் 8 மடங்கு. பழைய மேலோட்டுப் பாறையிலோ காற்றில் ஐம்பதில் ஒரு பங்குதான்.

செக் நாட்டின் செப் பகுதியில் இன்று எந்த எரிமலையும் வெடிப்பதில்லை. ஆனாலும் ஊற்று வாயுவில் 6 மடங்கு வரை அளந்திருக்கிறார்கள். ஆழத்தில் மாக்மா இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்வதற்கு அது முக்கியச் சான்று.

நம் நாட்டில் வங்காளத்து பக்ரேஸ்வர் வெந்நீரூற்று வாயுவில் ஹீலியம் ஒரு சதவீதத்துக்கும் மேல். சத்யேந்திரநாத் போஸ் தூண்டுதலால் சியாமாதாஸ் சாட்டர்ஜி அதை ஆராய்ந்தார். அளவு அதிகம் என்பதற்காக மாக்மா என்று சொல்லிவிட முடியாது. கிரானைட்டே அவ்வளவு ஹீலியம் தரும். பார்க்க வேண்டியது விகிதத்தை. இது புரியாமல் பீதி கிளப்புவது தப்பு என்பேன். புரியாமலே "ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொல்வதும் தப்புதான். நான் செய்ததும் அதுதானே!

மறுபடி அந்த போருக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்ரஸர் போட்டு ஏற்றுகிறார்கள்; குமிழி வராமல் என்ன செய்யும்? ஆழம் கூடினாலே சூடும் கூடும், அதற்கு மாக்மா வேண்டியதில்லை. அப்பாருவிடம் சொன்னேன். "அப்ப அந்தக் காத்த ஒரு பாட்டில்ல புடிச்சு அனுப்பிச் சோதிச்சிரலாமே" என்றார்.

சாதாரணக் கண்ணாடியில் ஹீலியம் கசிந்துவிடும், செம்புக் குழாயில் பிடித்து இருபுறமும் நசுக்கி அடைக்க வேண்டும், கம்ப்ரஸர் காற்று கலந்தால் கணக்கே கெடும் என்றேன். "அப்ப கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லு" என்கிறார்!