"அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்காதீர்கள்!

எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2019 டிசம்பர் தேர்தலில், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சகோதரி ஜெயித்து தலைவரானார். பத்தாவது வரை படித்தவர். ஆனால், ஊரில் எல்லோரும் 'தலைவரே' என்று கூப்பிட்டது அவருடைய வீட்டுக்காரரைத்தான்!

2022-ல் எங்கள் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்து நடந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. பொறுக்க முடியாமல் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்தச் சகோதரி திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் இல்லீங்களா?"

"வெளியில போயிருக்காங்கக்கா. வந்ததும் சொல்றேன்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஒன்பதாவது படிக்கும் என் மகள், "ஏம்மா, தலைவர் அந்த அக்காதானே? அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சுருக்கென்றது. ஓட்டுப் போட்டது அவருக்கு. குறை சொல்லப் போனது அவர் கணவரிடம். ஆண்களைக் குறை சொல்லும் நானே இப்படித்தானே நடந்துகொண்டேன்!

மறுநாள் மறுபடியும் போய், விஷயத்தை அவரிடமே சொன்னேன். "மோட்டார் நல்லாத்தான் ஓடுதுக்கா. கோயில் முக்குல இருக்கிற வால்வுதான் கோளாறு. நானும் அந்தக் குழாய்லதானே தண்ணி பிடிக்கிறேன்" என்றவர், உடனே டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. "இந்த ரெண்டரை வருஷத்துல என்கிட்ட நேரா வந்து கேட்டது நீங்கதாங்க்கா" என்று அவர் சொன்னபோது, எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த வருடம் அக்டோபர் 2 கிராம சபைக்கு, எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போல் கணவர் எழுந்து வரவு - செலவு படிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து, "தலைவரம்மா படிக்கட்டுங்க" என்றேன். சலசலப்பு ஏற்பட்டது. அவர் முகம் சுருங்கியது. ஆனாலும், காகிதத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் நாலு வரி அந்தச் சகோதரிக்குக் குரல் நடுங்கியது, அப்புறம் நடுங்கவில்லை.

தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலில்தான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, அதை 50 சதவீதமாக்கினார்கள். நாற்காலியைச் சட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டது. அதில் உட்கார வைக்க வேண்டியது வீடும், ஊரும், அதிகாரிகளும்தானே? ஊராட்சிப் பணத்தை எடுக்க தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் கணக்கில் ஒரு தப்பு வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட பெண்தான். கணவர் ஒதுங்கிக்கொள்ளலாம்!

கணவர் உதவி செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. வண்டியில் கொண்டு விடட்டும், படிவம் நிரப்பித் தரட்டும். ஆனால், கூட்டத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால், அதிகாரிகள் கூட்டத்தையே ஆரம்பிக்கக் கூடாது.

தலைவர் என்று ஒருவர் ஊரில் இருப்பதன் அருமை, இல்லாதபோதுதான் தெரிகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை, தனி அலுவலர்தான். எங்களைப் போல் 2019-ல் ஓட்டுப் போட்ட மாவட்டங்களில், 2025 ஜனவரி 5-ம் தேதி மறுபடி பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிப்பவர் இல்லையே! உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப் போடும்போதெல்லாம், நமக்குக் கிடைத்த பாதி இடமும் சேர்ந்தே போகிறது. அரசு இதை உணர வேண்டும்.

சகோதரிகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று, 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குச் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பெண் தலைவர் இருந்தால், கேள்வியை அவரைப் பார்த்தே கேளுங்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் அவருக்கும் பதில் சொல்லும் தைரியம் வரும்.

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.