கத்திக்குப் பிடி போடுகிறவன் ரவுடி இல்லை



போன வாரம் நான் பிடி மாற்றிய மூன்று கத்திகளின் படத்தை இங்கே போட்டேன். "சார், இந்த வயசுல இது தேவையா?" என்று ஒருவர். "காட்டுப்பள்ளி வாத்தியாரும் கத்தி தூக்கிட்டாரு" என்று இன்னொருவர். "ஏற்கெனவே நம்ம ஏரியாவுக்கு நல்ல பேரு, இதுல இது வேறயா மாமா?" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மருமகன். எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வடசென்னை என்றால் கத்தி என்று முடிவு கட்டியது யார்? சினிமா. 2018-இல் வந்த 'வடசென்னை' படத்தில் மீனவர் குடியிருப்பு பறிபோவதும் பேசப்படுகிறது. ஆனால் பார்த்தவர்கள் வெளியே எடுத்து வந்தது கத்தியை மட்டும்தான். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வெட்டித் தரும் பெண்கள் கையில் இருப்பதும் கத்திதான். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

நம் ஊர் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பை வெட்டி ஒட்டுகிறவனைத் திறமைசாலி என்கிறோம். அதே கை வீட்டில் கத்திக்குப் பிடி போட்டால் மட்டும் சந்தேகமா? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருளை ஆயுதத்தில் சேர்க்கவில்லை. சட்டத்துக்கு இருக்கிற தெளிவு நமக்கு வேண்டாமா?

அடுத்து, "புதுக் கத்தி அறுபது ரூபாய், எதற்கு மெனக்கெடணும்?" என்கிற கேள்வி. பிளாஸ்டிக் பிடி உடைந்தால் நல்ல இரும்பும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. ஈரக் கையில் வழுக்குவதும் அந்தப் பிடிதான். நம் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெறும் விறகு என்று நினைக்கிறோம். நன்றாகக் காய்ந்த துண்டு கெட்டியான பிடியாகும். பச்சை மரத்தில் போட்டால் காய்ந்ததும் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். மரத்தின் ரேகை நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே இருந்தால் பிளந்துவிடும். பிடிக்குள் போகும் இரும்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் தண்ணீர் இறங்கும். நம் உப்புக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம், உள்ளேயே துருப்பிடித்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் அரக்கு ஊற்றினார்கள், இன்று எபாக்சி பசை. வாயில் பூண் போடுவது மரம் பிளக்காமல் இருக்க. இதில் கணக்கும் இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது சொன்னதும் இதுதான்: கைத்தொழில் வழியாகப் படிப்பு. நாமோ பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்து, கடைசியில் எழுதியே கொடுத்துவிட்டோம். இன்று பொறியியல் படித்த பிள்ளைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியவில்லை என்று நாமே புலம்புகிறோம்.

"பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்வார்கள்" என்பீர்கள். நியாயமான பயம். முனையையும் விளிம்பையும் தடிமனாக டேப் சுற்றி மூடிய பிறகுதான் வேலையைத் தொட வேண்டும். இழைக்கும்போது முகக்கவசம் வேண்டும். பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் உண்மையான ஆபத்து உங்கள் அடுக்களையில் இருக்கிறது: ஆடுகிற பிடியோடு தினமும் உங்கள் வீட்டுப் பெண்கள் காய் நறுக்குகிறார்களே, அந்தக் கத்தி.

ஆயுத பூஜைக்கு அருவாமனைக்கும் பொட்டு வைக்கிற நாம், மறுநாள் அதைச் செப்பனிடுகிறவனைக் கேலி செய்யலாமா? கத்தியைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தராவிட்டால், தெருமுனையில் யாராவது சொல்லித் தருவார்கள். அந்தப் பயம்தான் எனக்கு.

ஆட்டம் காணும் கத்தி இருந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். பிடியைப் பிள்ளைதான் இழைக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை.