வர்ஜினியா புகையிலையும் பாராமகால் பட்டாவும்



அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதன்முதலாக நிலைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் பற்றி இந்த இதழில் ஒரு நீண்ட கட்டுரை வருகிறது. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு இது எதற்கு என்று கேட்பீர்கள். நம்மூர்ப் பட்டாவின் கதை அங்கேயும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு வருகிறது, அதற்குத்தான்.

1607 மே மாதம் நூறு பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் வர்ஜினியாவில் ஆற்றங்கரையோரம் இறங்கினார்கள். அனுப்பியது லண்டன் வியாபாரிகள் பங்கு போட்டுத் தொடங்கிய வர்ஜினியா கம்பெனி. அதன் பொருளாளர் சர் தாமஸ் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தலைவராக இருந்தவர். தங்கத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது உப்புத் தண்ணீரும் காய்ச்சலும். பவ்ஹாட்டன் பழங்குடிகளின் மக்காச்சோளத்தில் கொஞ்ச காலம் வயிறு கழுவினார்கள். அவர்களோடு பகை முற்றியதும், 1609-10 குளிர்காலத்தில் குதிரை, நாய், எலி வரை தின்று தீர்த்தும் கோட்டையில் மிஞ்சியவர்கள் அறுபது பேர்தான்.

பிறகு ஜான் ரால்ஃப் பயிரிட்ட புகையிலை குடியேற்றத்தைக் காப்பாற்றியது. அந்தப் புகையிலைக்காகப் பூர்வகுடிகள் நிலத்தை இழந்தார்கள், ஆப்பிரிக்கர்கள் அடிமைகளானார்கள். லாபம் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வரை போனது. அங்கே வர்ஜினியா வியாபாரத்தில் செழித்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் மன்றோ. அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது, வியாபாரம் படுத்தது, குடும்பம் நொடித்தது. மகன் தாமஸ் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780இல் சென்னை வந்து இறங்கினார்.

அதே போரில், ஜேம்ஸ்டவுனுக்கு ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்கும் யார்க்டவுனில், 1781இல் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ். அங்கே தோற்றவர் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானை வென்றார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். வரி வசூலிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ.

ஜேம்ஸ்டவுனில் வந்தவர்கள் குடியேறினார்கள். பாராமகாலில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடிகளிடம் வரி கேட்டார்கள். அதற்காக நிலம் நிலமாக அளந்தார்கள்; நஞ்சை, புஞ்சை பிரித்துத் தீர்வை போட்டார்கள்; ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் விவசாயியிடமே கணக்கு வைத்துக்கொண்டார்கள். கட்ட முடியாத நிலத்தை விட்டுவிடவும் குடியானவருக்கு உரிமை கொடுத்தார் ரீட். ரயத்துவாரி முறை இங்கே முளைத்தது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களுக்கு நிலவரியை நிரந்தரமாக முடிந்துகொடுத்தவரும் இதே காரன்வாலிஸ்தான்.

மன்றோவைப் புகழ்ந்து பேசுவது நம் பக்கத்தில் வழக்கம். மனிதர் நல்லவர்தான். தர்மபுரி வீட்டில் ஆசையாகத் தோட்டம் போட்டவர், 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றலானபோது அதைப் பிரியும் வருத்தத்தைக் கடிதத்தில் எழுதினார். ஆனால் முறை நியாயமாக இருந்தாலும் தீர்வை கனமாகவே இருந்தது. மானாவாரியை நம்பிய மண்ணில் மழை பொய்த்தாலும் கிஸ்தி பணமாகக் கட்டியாக வேண்டும். பின்னாளில் கடப்பை, பெல்லாரிப் பக்கத்தில் தீர்வையைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று மன்றோவே எழுத வேண்டி வந்தது. சர்க்கார் விவசாயியை நேராகப் பார்த்தது, ஆனால் வாங்குவதற்காகத்தான் பார்த்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பட்டா, கிஸ்தி ரசீது, கர்ணம் எழுதிய கணக்கு ஏதாவது இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும் குறிப்பிடுங்கள். மூலத்தைத் தபாலில் போட்டுவிடாதீர்கள், அது உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்