டென்ஷனைக் குறைக்க கார்டைத் தேய்க்காதீங்க!

கொட்டிவாக்கத்துல ரூம் எடுத்து, ஓ.எம்.ஆர்.ல வேலை பார்க்கிறீங்க. 1-ம் தேதி வர்ற சம்பளம் 5-ம் தேதிக்குள்ள இ.எம்.ஐ.யா போயிடுது. ராத்திரி தூக்கம் இல்லை. கவுன்சலிங் போகலாம்னு நினைக்கிறீங்க. நல்ல முடிவு. ஆனா பணம்?

ஒரு செஷன் 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 4 செஷன்னா 6,000. கார்டுல தேய்ச்சுட்டுக் கட்டாம விட்டா, மாசம் 3.5% வட்டின்னாலும் 210 ரூபாய் ஏறும். டென்ஷனைக் குறைக்கப் போய், அதுக்குக் காரணமான கடனையே வளர்க்கிறோம்.

அதனால முதல்ல இலவசமா கிடைக்கிறதைப் பயன்படுத்துங்க. மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர்ல தொடங்கினது. 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். நேர்ல டாக்டரைப் பார்க்கணும்னா, கீழ்ப்பாக்கத்துல அரசு மனநல மருத்துவமனை இருக்கு.

தூக்கத்தைக் கெடுக்கிறது ரெக்கவரி ஏஜென்ட் போனா? காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே சொல்லியிருக்கு. மீறினா பேங்குக்கு எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது.

என் கருத்து இதுதான்: இந்தச் செலவைக் கடன்காரர் தலையில மட்டும் கட்டக் கூடாது. உடல் நோய் மாதிரியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது. ஆனா பல பாலிசியில அட்மிட் ஆனாத்தான் பணம். கடன்ல தவிக்கிறவருக்குத் தேவை படுக்கை இல்லை. வாரம் ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேச ஒரு ஆள். அதனால அடுத்த தடவை குரூப் பாலிசி புதுப்பிக்கும்போது, கவுன்சலிங்குக்கும் ஓ.பி. கவர் வேணும்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க. நாலு பேர் சேர்ந்தே கேளுங்க.