புளியமரத்தை வெட்டாமல் ஒரு தோட்டம்

பென்னாகரம் வட்டத்து வாசகர் ஒருவர் தம் வீட்டு வழக்கொன்றை எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு மேற்கே, வாசலை ஒட்டி 30 சென்ட் மேட்டு நிலம் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அதில் ஜப்பானிய மேப்பிளும் ஊசியிலை மரங்களும் வைத்துத் தோட்டம் போட்டால் ஒகேனக்கல் வருகிறவர்கள் தங்கிப் போவார்கள் என்கிறார். சிவப்பு, நீலம் என்று பல நிறத்தில் மேப்பிள் விதைப் பொட்டலங்களும் வாங்கிவிட்டார். நடுவில் நிற்கும் தாத்தா காலத்துப் புளியமரத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. மரவியாபாரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

விதைப் பொட்டலத்தை முதலில் பார்ப்போம். நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் ஒரு மரம் கிடையாது. படத்தில் நிறத்தை மாற்றி விற்கிறார்கள். சிவப்பு மேப்பிள் உண்மைதான். ஆனால் பேர்பெற்ற ரகங்கள் ஒட்டுக்கட்டி வளர்ப்பவை, விதையில் தாயைப் போல வராது. அந்த விதை முளைக்கவே மூன்று, நான்கு மாதம் ஈரத்தோடு குளிரில் கிடக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைத்தாலும், மரம் ஆண்டுதோறும் இலை உதிர்த்து உறங்குவதற்கு நீண்ட குளிர்காலம் கேட்கும். தருமபுரியில் மார்கழி இரவு கூட அந்த அளவுக்குக் குளிராது. பங்குனி வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் இலை ஓரம் கருகிவிடும். ஆசைக்கு ஒரு செடியைத் தொட்டியில் வைத்து நிழலில் பார்த்துக்கொள்ளலாம். அதை நம்பித் தோட்டம் போட முடியாது.

மகன் சொன்னதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஜப்பானியத் தோட்டக்காரர்கள் மரத்தை விட இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தூரத்து மலையையும் தோட்டத்தின் பகுதியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-இல் உருவானது. பாதி ஜப்பானிய பாணி என்று அதைச் சொல்வார்கள். மலைச்சரிவும் பள்ளமும் இருந்தபடியே இருக்க, அதற்கேற்ப மரங்களை வைத்திருக்கிறார்கள். சமதளமாக்கிவிட்டு நட்டதல்ல. குன்னூரில் நிற்கும் மரத்தைப் பென்னாகரத்துக்குக் கொண்டுவர முடியாது, அந்த யோசனையைக் கொண்டுவரலாம்.

அதனால் செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு கட்டம் போட்ட தாளில் நிலத்தை வரைய வேண்டும். வீடு, திண்ணை, மாட்டுக் கொட்டகை, களம், ஆழ்துளைக் கிணறு, மின்கம்பி, மலக்குழி எல்லாம் அதில் வர வேண்டும். டிராக்டர் வரும் வழிக்கு 12 அடி விட வேண்டும். பலரும் மறப்பது கிணற்று வழியைத்தான். மோட்டார் பழுதாகி மேலே எடுக்க வண்டி வரும் நாளில், ஐந்து வருடம் வளர்த்த மரத்தை வெட்டி வழிவிட்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, வெயில் எங்கிருந்து அடிக்கிறது, நிழல் எதுவரை வருகிறது என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டில் அப்படிப் பார்த்தால் வழக்கு பாதி தீர்ந்துவிடும். கடிதத்தோடு வந்த வரைபடத்தில் புளியமரம் திண்ணைக்கு நேர் மேற்கே, சற்றுத் தெற்கு ஒதுங்கி, 40 அடியில் நிற்கிறது. பிற்பகல் வெயிலையும் ஆடிக் காற்றையும் வீட்டில் படாமல் தடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் தங்க வருகிறவர்கள் வெயிலில்தான் உட்கார வேண்டும். புதிதாகப் புளி வைத்தால் பெரியகுளம் 1 போன்ற ஒட்டுச்செடி நான்காம் ஆண்டில் காய்ப்புக்கு வரும். விதைக்கன்று எட்டு, பத்து ஆண்டு ஆகும். நிழலுக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அடர்ந்த புளி நிழலில் வேறு செடி சரியாக வராது என்பது உண்மை. அங்கே நடவே வேண்டாம். நான்கு கல்பலகை போட்டு, மாசி, பங்குனியில் உலுக்குவதற்கு இடம் விட்டால் போதும்.

வடமேற்குத் திசையைத் திறந்தே விட வேண்டும். மலை தெரிவது அந்தப் பக்கம். காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு வைப்பதானால் தென்மேற்கு எல்லையில் மட்டும், 6 அடி இடைவெளியில் இரண்டு வரிசை மாற்றி மாற்றி நடலாம். பார்வைக்கு ஊசியிலை மரம் போலவே இருக்கும், ஆனால் சவுக்கு அந்தக் குடும்பம் இல்லை. வேர் முடிச்சில் தழைச்சத்தையும் சேர்க்கும். எல்லையிலிருந்து 10 அடியாவது உள்ளே தள்ளி நட வேண்டும். மேற்கு எல்லை மரத்தின் காலை நிழல் பங்காளியின் வயலில் விழும். நடும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

உண்மையான ஊசியிலைச் செடி வேண்டுமென்றால் துஜா இங்கே தாங்கும். நடைபாதை ஓரம் 4 அடிக்கு ஒன்று, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து வைக்கலாம். பச்சை இலை உள்ள பகுதியில்தான் கத்தரிக்க வேண்டும். பழுப்பேறிய பழைய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. நாற்றங்காலில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அராகேரியா ஒன்று போதும். அது தென்னை உயரத்துக்கு மேலே போகும், கம்பிக்கும் சுவருக்கும் அருகில் வேண்டாம்.

இனி மேப்பிளின் சிவப்பு. மேப்பிள் இலை உதிரும் முன் சிவக்கிறது. நம் இலுப்பையோ கொழுந்து விடும்போது சிவக்கிறது, மாசி கடைசியில் செம்பு நிறத்தில் முழு மரமும் மாறிவிடும். வடக்கு ஓரத்தில் இலுப்பை இரண்டு, 30 அடி இடைவெளியில் வைக்கலாம். நாட்டு வாதுமை ஒன்று வைத்தால் அது மேப்பிளைப் போலவே இலை உதிரும் முன் சிவக்கும். களத்து ஓரத்தில் புங்கன் வைக்கலாம். மொத்தம் ஆறேழு பெரிய மரத்துக்கு மேல் 30 சென்ட்டில் இடமில்லை. நடுவில் வெறும் இடம் இருந்தால்தான் மலையும் தெரியும், களமும் கிடைக்கும்.

குழிகளை இப்போதே மூன்றடி அளவில் எடுத்து ஆறப்போட்டு, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து மூடி, புரட்டாசி மழையில் நடலாம். அதற்கு முன் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, மகன் ஊருக்கு வரும்போது இருவரும் ஒருமுறை திண்ணையிலிருந்து பார்த்து, தேவையானால் குச்சியை மாற்றி அடித்துக்கொள்ளட்டும். மரவியாபாரிக்கு வேண்டாம் என்று இன்றே சொல்லி அனுப்பிவிடலாம்.