ஆஸ்பத்திரியின் குறையை ஜனங்களிடம் கேளுங்கள்!

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மருந்து தீர்ந்து போயிற்று, டாக்டர் எந்த நாளில் வரவில்லை, பிரசவ அறையில் தண்ணீர் வருகிறதா இல்லையா - இவையெல்லாம் முதலில் யாருக்குத் தெரியும்? ஜில்லாத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கா? இல்லை. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குத்தான். ஆனால் அவளை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பது புதிய கோரிக்கையல்ல. கிராமந்தோறும் சுகாதாரக் கமிட்டி வேண்டுமென்று ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-லேயே சிபாரிசு செய்தது. வைத்திய வசதிகளைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்குகொள்வது ஜனங்களின் உரிமை, கடமை என்று 1978-ல் அல்மா-ஆட்டா மகாநாடு பிரகடனம் செய்தது. 2005-ல் தொடங்கிய தேசிய கிராமப்புற சுகாதார இயக்கம் கிராமக் கமிட்டிகளுக்கும், ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்களுக்கும் வழி செய்தது. கிராமக் கமிட்டிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும் வகுத்தது.

பிறகு நடந்தது என்ன? பல ஊர்களில் கமிட்டி ஏட்டில் இருக்கிறது; ஊரில் இல்லை. அதன் அங்கத்தினர் யார் என்பதே ஊராருக்குத் தெரியாது. கூட்டம் நடந்ததாகக் கையெழுத்துப் போடுவது மட்டுமா ஜனங்களின் பங்கு?

"வைத்தியம் படித்தவர்கள் விஷயம், பாமரனுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் நோயாளியிடம் மரியாதையாகப் பேசினார்களா, "வெளியே வாங்கிக்கொள்" என்று சீட்டு எழுதினார்களா என்பதைச் சொல்லப் பட்டம் எதற்கு?

2007-ல் தொடங்கி 9 மாநிலங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. ஊரார் கூடி, தங்கள் சுகாதார நிலையத்துக்குத் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுத்தறியாதவரும் புரிந்துகொண்டார், பேசினார். பாமரனுக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

டாக்டரும் நர்ஸும் நமது விரோதிகள் அல்லர். காலி இடங்களை நிரப்பாமல், இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் சுமத்தினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகவும் சர்க்காரிடம் வாதாடக் கூடியது விழிப்புள்ள ஊர்க் கமிட்டிதான்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லது. ஆனால் ஜனங்களின் சொல் ஆஸ்பத்திரிக்குள் போகும் வழி இன்னும் அடைபட்டே கிடக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கமிட்டி மாதந்தோறும், வேலை முடிந்து ஜனங்கள் வரக்கூடிய மாலை வேளையில் கூட வேண்டும். கூலி வேலை செய்யும் பெண்களும், சேரி மக்களும் அதில் இடம்பெற வேண்டும். மருந்து இருப்பு விவரத்தை வாசலில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். வரவு செலவைக் கிராம சபையில் படிக்க வேண்டும். புகாருக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது.

வாசகர்களே! உங்கள் ஊர்க் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள்? அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊராரைத் திரட்டிக்கொண்டு போங்கள்!