ஜன்னலோரத்து ஓதம்

சுவரில் காகிதம் ஒட்டும் யோசனை என் மனைவியுடையது. கிழக்கு தில்லியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டில், மகள் படுக்கும் அறையின் ஜன்னலைச் சுற்றி 2024 ஜூன் கடைசியில் பெரிய கறை விழுந்தது. ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானதே, அந்த மழை. கறையைப் பார்த்த வீட்டுக்காரர், "சீலன்தானே? தில்லியில் எந்த வீட்டில் இல்லை?" என்றார். வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

சீலன் என்றால் சுவரில் ஊறும் ஈரம். தமிழில் ஓதம் என்று நல்ல சொல் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவன், இருபது வருட தில்லி வாசத்தில் அதை மறந்தே போயிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வால்பேப்பர் ஒட்டுகிறவர் வந்தார். ஒரு சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். கணக்குப்படி 57 சதுர அடி. ஆனால் பக்கத்துத் துண்டின் பூவோடு பூ பொருந்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வீணாகும். ஜன்னல் சட்டத்தை வைத்து அவர் தொடங்கவில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு பென்சிலால் கோடு போட்டார். "இந்த ஊரில் நேரான ஜன்னலை நான் பார்த்ததில்லை சாப்" என்றார். காகிதத்தை ஜன்னல் திறப்பின் மேலேயே படியவிட்டு, நடுவில் வேண்டாததை நறுக்கி எறிந்தார். மூலையை நோக்கிச் சாய்வாக ஒரு வெட்டு. மடிப்பு பக்கச்சுவரில் திரும்பி உட்கார்ந்தது. மேல்பக்கத்துக்குத் தனியாக ஒரு துண்டு. மாலைக்குள் கறை இருந்த இடத்தில் மல்லிகைக் கொடி. வீட்டுக்காரரே மாடியேறி வந்து பாராட்டினார்.

நவம்பரில் மகள் இரும ஆரம்பித்தாள். நவம்பரில் தில்லியில் இருமாதவர் யார்? வயல் தீ, வாகனப் புகை, பட்டாசு என்று குற்றவாளிகளின் பட்டியல் தயாராக இருந்தது. வெளிக்காற்று உள்ளே வரக்கூடாதென்று அந்த ஜன்னலை இறுக மூடி, ரூம் ஹீட்டரையும் போட்டோம். ஜனவரியில் காகிதத்தின் கீழ் மூலை எழும்பியது. நகத்தால் இழுத்தேன். பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம், மகளின் தலையணையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில்.

ஜன்னலோரம் ஒரு வீட்டின் பலவீனமான இடம். மரச்சட்டமும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. இடையில் விரிசல் விழுகிறது, மழை அதில் இறங்குகிறது. கோடையில் அங்கேதான் கூலரை மாட்டுகிறோம், இரவெல்லாம் ஈரக்காற்று. குளிர்காலத்தில் கண்ணாடியும் அதை ஒட்டிய சுவரும் சில்லிட்டுப்போக, மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவி அங்கே நீராகப் படிகிறது. வெறும் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் ஈரம் மெதுவாக வெளியேறிவிடும். நாங்கள் ஒட்டியதோ வினைல் பூசிய காகிதம். ஈரம் உள்ளேயே தங்கியது. பசையும் காகிதமும் பூஞ்சணத்துக்குத் தீனியாயின.

இது புதிய சங்கதி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பச்சை நிற வால்பேப்பர்களில் ஆர்சனிக் கலந்த சாயம் இருந்தது. ஓதம் பிடித்த சுவரில் வளரும் பூஞ்சணம் அதை நச்சு வாயுவாக மாற்றும் என்று 1890களில் இத்தாலியரான கோசியோ காட்டினார். நெப்போலியன் 1821இல் இறந்த செயின்ட் ஹெலினா வீட்டின் காகிதத் துண்டிலும் ஆர்சனிக் இருந்ததாக 1982இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. அவரைக் கொன்றது அதுதான் என்று சொல்வதற்கில்லை. இன்றைய காகிதத்தில் அந்தச் சாயம் இல்லை. ஆனால் பூஞ்சணம் இருக்கிறது. வீட்டு ஓதத்துக்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது.

ஒட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனைக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. ஓரடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடவேண்டும். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் முத்து தெரிந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் தெரிந்தால் அறைக்காற்றில் இருக்கிறது. முதலாவதற்குக் கொத்தனார் வேண்டும்; இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும். எங்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

கிழித்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் போனேன். அவருக்கும் பேத்தி இருக்கிறாள். கறுப்பைப் பார்த்தபின் அதிகம் பேசவில்லை. பாதிச் செலவு அவருடையது என்று முடிவாயிற்று. சட்டத்தைச் சுற்றி விரிசலை அடைத்து, வெளித்திண்டைச் சரிவாக்கினார்கள். சன்ஷேடின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் காடி வெட்டினார்கள். மழைநீர் இப்போது அங்கேயே சொட்டிவிடுகிறது, சுவருக்கு ஊர்ந்து வருவதில்லை. உள்ளே பூச்சைச் சுரண்டி, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம்.

2025 மழைக்காலத்தில் கறை வரவில்லை. மகளின் இருமல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அதற்கு எங்கள் சுவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மிஞ்சிய ஒரு சுருள் மல்லிகைக் கொடியில் அவள் தன் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுக்கொண்டாள்.